88A-வ திரும்பக் கொண்டு வாங்க வைபி

மலேசியா பார்லிமென்ட்ல இருக்கற 222 வைபிகளுக்கு, அதான் எம்பிகளுக்கு, அதுலயும் எங்க ஓட்ட வாங்கிட்டுப் போன தமிழ் வைபிகளுக்கு,

பெத்தவங்கள்ல ஒருத்தர் இஸ்லாத்துக்கு மாறினாலும், ரெண்டு பேர் சம்மதம் இல்லாம பிள்ளைய மாத்தக் கூடாதுன்னு ஒரு மசோதாவுல இருந்த பிரிவுதான் 88A, அதத் திரும்பக் கேட்டுத்தான் இந்த லெட்டர். போன மாசம் ஒரு சனிக்கிழம காலையில நானும் என் தங்கச்சியும் எங்க தொகுதி வைபியோட சேவை மையத்துல ரெண்டு மணி நேரம் காத்திருந்தோம். அவ மடியில ஒரு நீலக் கலர் ஃபைல். மகனோட பொறப்புப் பத்திரம், கல்யாணப் பதிவு, ஹைகோர்ட் குடுத்த விவாகரத்து பேப்பர், மூணு போலீஸ் ரிப்போர்ட், ஸ்கூல் லெட்டர், எல்லாம் அதுல இருக்கு. உதவியாளர் தம்பி ரெண்டு பக்கம் திருப்பிப் பாத்தாரு, "அக்கா, இது சென்சிடிவ் விஷயம், இப்ப டைம் சரியில்ல, கொஞ்சம் பொறுங்க"ன்னு சொல்லி ஃபைல திரும்பக் கையில குடுத்துட்டாரு. வைபிய நாங்க பாக்கவே இல்ல. வெளிய வந்து கார்ல ஏறினதும் என் தங்கச்சி கேட்டா, "அக்கா, எந்த டைம் சரியான டைம்?" எனக்கு பதில் தெரியல. உங்களுக்குத்தான் தெரியணும், அதனாலதான் எல்லாரும் பாக்கற மாதிரி எழுதறேன்.

என் தங்கச்சி கையுறை ஃபேக்டரியில லைன்ல வேல செய்யறவ. கோயில்ல தாலி கட்டி, ரிஜிஸ்தர் பண்ணி நடந்த கல்யாணம். 2019ல அவ புருஷன் இன்னொரு வாழ்க்க தேடிக்கிட்டாரு, மதமும் மாறினாரு. அது அவரோட இஷ்டம், அதப் பத்தி எங்க வீட்ல யாரும் ஒரு வார்த்த தப்பா பேசல. விவாகரத்து ஆச்சு, கஸ்டடிய ஹைகோர்ட் தாய்க்கே குடுத்துச்சு, மாசத்துல ரெண்டு சனிக்கிழம அப்பா வந்து பையனக் கூட்டிட்டுப் போகலாம்னு ஏற்பாடு. அப்படி ஒரு சனிக்கிழமதான் எல்லாம் நடந்திருக்கு. எங்களுக்கு எதுவும் தெரியாது.

தெரிஞ்சது எப்படின்னா, 2022ல தமிழ்ப்பள்ளி டீச்சர் போன் பண்ணாங்க. "அம்மா, சிஸ்டத்துல பையனோட அகாமா, அதான் மதம், இஸ்லாம்னு வருது, இனிமே நன்னெறி வகுப்புல உக்கார வைக்க முடியாது, உஸ்தாஸ் எடுக்கற இஸ்லாம் பாட வகுப்புக்கு அனுப்பணும்னு மேல இருந்து சொல்றாங்க"ன்னு. டீச்சர் குரலே நடுங்குச்சு, பாவம், அவங்க என்ன செய்வாங்க. அன்னைக்கு சாயந்திரம் பையன உக்கார வச்சு மெதுவா கேட்டோம். ரெண்டாம் வகுப்புல இருந்தப்ப, அதாவது அதுக்கு முந்தின வருஷம், அப்பா ஒரு ஆபீஸுக்குக் கூட்டிட்டுப் போனாராம், அங்க ஒரு அங்கிள் சொன்னத இவனும் கூடவே சொன்னானாம், அப்புறம் கேக் குடுத்தாங்களாம், போட்டோ எடுத்தாங்களாம். "என்னா சொன்ன?"ன்னு கேட்டோம். "தெரியல பெரியம்மா, பாஷ புரியல, ஆனா சரியா சொன்னேன்னு அந்த அங்கிள் தலையத் தடவுனாரு"ன்னான். எட்டு வயசுப் பிள்ள. அந்த பேப்பர்ல தாயோட கையெழுத்து எங்கயும் கிடையாது. யாரும் கேக்கவும் இல்ல.

அதுக்கப்புறம் நாங்க ஏறாத கவுண்டர் இல்ல. பதிவு இலாகாவுல கேட்டா, "இது எங்க கையில இல்ல, இஸ்லாமிய மத இலாகாவுல இருந்து லெட்டர் வேணும்". மத இலாகாவுல கேட்டா, "பதிவு ஆயிடுச்சு, மாத்தணும்னா முஸ்லிம்களுக்கான சியாரியா கோர்ட்டுக்குத்தான் போகணும்". சியாரியா கோர்ட் கவுண்டர்ல இருந்த பொண்ணு மரியாதையாத்தான் பேசுச்சு, தண்ணி கூட குடுத்துச்சு, ஆனா "காக் (அக்கா), நீங்க முஸ்லிம் இல்ல, இங்க உங்களால கேஸ் போட முடியாது"ன்னுச்சு. போலீஸ்ல ரிப்போர்ட் எடுத்தாங்க, "இது சிவில் மேட்டர்"னு முடிச்சுட்டாங்க. ஒரு தாய் தன் வயித்துல பொறந்த பிள்ளைக்காக எந்தக் கதவத் தட்டறதுன்னு இந்த நாட்டுல ஒரு ஆபீஸ்லயும் சொல்லத் தெரியல வைபி. கடைசியா ஒரு லாயரப் பாத்தோம். அவர்தான் சொன்னாரு, சிவில் ஹைகோர்ட்ல ஜுடிஷியல் ரிவ்யூ, அதான் அரசாங்க இலாகா முடிவ எதிர்த்து வழக்கு, போடலாம், ஆனா தெரிஞ்சதுல இருந்து 3 மாசத்துக்குள்ள போட்டிருக்கணும்னு. அந்த 3 மாசத்தத்தான் நாங்க கவுண்டர் கவுண்டரா அலைஞ்சு தீத்துட்டோம். டைம் நீட்டிக்கச் சொல்லி தனியா கேக்கணும், முன்பணம் 8,000 வெள்ளி. அவ சம்பளம் 1,700 வெள்ளி.

இப்ப அவனுக்கு 12 வயசு. ஐசி, அதான் அடையாள அட்டை, எடுக்கணும், 12 வயசானா எடுத்தே ஆகணும்னு சட்டம். எடுத்தா அவன் போட்டோவுக்குக் கீழ ரூமியில, அதான் ஆங்கில எழுத்துல, ISLAMனு அஞ்சு எழுத்து அச்சாகி வரும். மத்த மதக்காரங்க ஐசியில மதத்த வெளிய அச்சடிக்கறது இல்ல, முஸ்லிம்களுக்கு மட்டும் அடிப்பாங்க, உங்களுக்குத் தெரியாதது இல்ல. அந்த அஞ்சு எழுத்து விழுந்துச்சுன்னா அப்புறம் அவன் வளந்து யாரக் கட்டலாம், தாய் செத்தா கொள்ளி வைக்கலாமா, அவனே போய்ட்டா உடம்ப யார்கிட்ட குடுப்பாங்க, எல்லாமே மாறிப் போயிடும். 18 வயசுக்கு அப்புறம் வெளிய வரணும்னு நெனச்சாலும் அதுக்கும் சியாரியா கோர்ட் சர்ட்டிபிகேட் கேப்பாங்க, இஸ்லாத்த விட்டு வெளிய வந்து ஐசிய மாத்தக் கேட்ட லீனா ஜாய் கேஸ்ல 2007ல ஃபெடரல் கோர்ட் 2-க்கு 1ன்னு அப்படித்தான் சொல்லிச்சு. போன தையில எங்கப்பா தெவசத்துக்கு எல்லாரும் கூடியிருந்தோம். திருநீறு தட்ட நீட்டினா பையன் கைய பின்னால கட்டிக்கிட்டு நிக்கறான். "பெரியம்மா, நான் வச்சுக்கலாமா, இல்ல போலீஸ் அம்மாவப் பிடிச்சுக்குமா?"ன்னு என் காதுல கேக்கறான். நான் பூசி விட்டேன். என் கை நடுங்கினத அவன் பாத்துட்டான்.

நான் இஸ்லாத்துக்கு எதிரா எழுதல, இத யாராவது அப்படித் திருப்பி வாட்ஸ்அப்ல அனுப்பிடக் கூடாதுன்னுதான் சொல்றேன். நாங்க இருக்கற தாமான்ல சாப்பாட்டுக் கடை வச்சிருக்கற பாய்தான் மத இலாகாவுக்கு எங்க கூட வந்தவரு, கடைய மச்சான்கிட்ட விட்டுட்டு ரெண்டு தடவ வந்தாரு. அங்க இருந்த ஆபீசர்கிட்ட மலாய்ல சொன்னாரு, மார்க்கத்துல கட்டாயம் இல்லன்னு குர்ஆன்ல இரண்டாவது சூராவுல இருக்கு, விவரம் தெரியாத பிள்ளைய தாய்க்குத் தெரியாம கொண்டு வந்து எழுதறது எப்படி மார்க்கம் ஆகும்னு. அந்த ஆபீசருக்கும் பதில் இல்ல, "என்னால ஒண்ணும் செய்ய முடியாது பாய், மாநிலச் சட்டம் என்ஆக்ட்மென்ட்ல, சம்மதம் குடுக்கறது அப்பா அல்லது அம்மான்னு இருக்கு"ன்னாரு. அவர் சொன்னது உண்மைதான். எங்க மாநிலத்து என்ஆக்ட்மென்ட் அப்படித்தான் சொல்லுது, அந்த "அல்லது" ஒண்ணுதான் என் தங்கச்சிய கணக்குலயே சேக்காம தள்ளிடுச்சு.

இங்க ஒரு விஷயத்த நீங்க தெளிவா பாக்கணும். 2018 ஜனவரி 29ல, புருஷன் பிள்ளைங்கள மதம் மாத்தின ஈப்போத் தாய் இந்திரா காந்தியோட கேஸ்ல ஃபெடரல் கோர்ட் அஞ்சு நீதிபதிகளும் ஒரே குரல்ல, பிள்ளைய மதம் மாத்தணும்னா அப்பா அம்மா ரெண்டு பேரோட சம்மதமும் வேணும்னு தீர்ப்பு குடுத்தாங்க. அந்தத் தீர்ப்ப எழுதினவங்க ஒரு முஸ்லிம் பெண் நீதிபதி, ஜைனுன் அலி. 18 வயசுக்குள்ள இருக்கற பிள்ளையோட மதத்த பெத்தவர் அல்லது கார்டியன் முடிவு பண்ணலாம்னு சொல்ற அரசியல் சாசனம் 12(4)ல "பேரன்ட்"னு ஒருமையில இருக்கறத வச்சு ஒருத்தர் போதும்னு அர்த்தம் பண்ணக் கூடாது, ரெண்டு பேரும் உயிரோட இருந்தா ரெண்டு பேரும்தான்னு சொன்னாங்க. அன்னைக்கு ஈப்போவுல இருந்து எஸ்டேட் வரைக்கும் தமிழ் வீடுகள்ல எவ்வளவு பேர் அழுதாங்க தெரியுமா. 2009ல 11 மாசக் கைக்குழந்தையத் தூக்கிட்டு இந்திரா காந்தியோட புருஷன் போனவர்தான், பிள்ளையத் தாய்கிட்ட ஒப்படைக்கச் சொல்லி கோர்ட் ஆர்டர் போட்டும், கோர்ட்டே போலீஸுக்கு உத்தரவு போட்டும், தீர்ப்புக்கு அப்புறமும் வருஷக் கணக்கா அந்தப் பிள்ள தாய் கைக்கு வரல. சட்டம் ஜெயிச்சுது, தாய் ஜெயிக்கல.

அந்தத் தீர்ப்பு இருக்கே, அப்புறம் என்ன பிரச்சனைன்னு கேப்பீங்க. தீர்ப்பு கோர்ட்லதான் இருக்கு வைபி, கவுண்டருக்கு வரல. பெர்லிஸ் மாநிலத்துல லோ சியு ஹோங்ங்கற தாயோட மூணு பிள்ளைகள அப்பா மாத்தினது 2020ல, அதாவது தீர்ப்பு வந்து ரெண்டு வருஷத்துக்கு அப்புறம். அந்தத் தாய் ஹைகோர்ட்ல 2023ல தோத்து, அப்பீல் கோர்ட்ல 2024 ஜனவரியில ஜெயிச்சு, மே மாசம் ஃபெடரல் கோர்ட் பெர்லிஸ் தரப்போட மனுவத் தள்ளினப்பதான் முடிஞ்சுது. நாலு வருஷம், அதுவும் நாடே பாத்துக்கிட்டு இருந்த கேஸுக்கு, துணைக்கு நிக்க லாயருங்க இருந்த கேஸுக்கு. பேப்பர்ல பேர் வராத கையுறை ஃபேக்டரித் தாய்க்கு எத்தன வருஷம்? ஒவ்வொரு தாயும் தனித்தனியா ஹைகோர்ட் படி ஏறி, ஏற்கனவே ஃபெடரல் கோர்ட் சொல்லி முடிச்சத மறுபடி மறுபடி ஜெயிச்சு வாங்கணுமா? இதுக்குத்தான் பார்லிமென்ட் இருக்கு.

நீங்க அதச் செய்யப் போனீங்க, பாதியில விட்டுட்டீங்க. 2016 நவம்பர்ல கல்யாணம் விவாகரத்து சட்டத்துக்கு, அந்த 1976 சட்டத்துக்குத்தான், ஒரு திருத்த மசோதா வந்துச்சு, அதுல 88Aன்னு ஒரு பிரிவு இருந்துச்சு. ஒருத்தர் மதம் மாறினாலும் பிள்ளைங்க பெத்தவங்க அதுக்கு முந்தி இருந்த மதத்துலயே இருப்பாங்க, ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டா மாத்தலாம், 18 வயசுல பிள்ள தானே முடிவு பண்ணிக்கலாம். இவ்வளவுதான் அது. யாரோட மதத்தையும் தொடல. 2009 ஏப்ரல்லயே கேபினட் இதே மாதிரி ஒரு முடிவு எடுத்து பேப்பர்ல எல்லாம் வந்துச்சு. ஆனா 2017 ஆகஸ்ட்ல அந்த மசோதாவ வாபஸ் வாங்கி, 88A-வ மட்டும் கத்தரிச்சு எறிஞ்சுட்டு மிச்சத்த பாஸ் பண்ணீங்க. அன்னைக்கு சொன்ன காரணம் 12(4)க்கு அது ஒத்து வராதுன்னு, பெத்தவங்கள்ல ஒருத்தர் போதும்னு சொன்ன 2007 சுபாஷினி கேஸ் தீர்ப்ப காட்டினாங்க. சரி, ஆறு மாசம் கூட ஆகல, அதே 12(4)க்கு ஃபெடரல் கோர்ட் ரெண்டு பேர் சம்மதம்னு அர்த்தம் குடுத்துடுச்சு. நீங்க சொன்ன தடை 2018 ஜனவரியில போய்டுச்சு. அதுக்கப்புறம் எத்தன பிரதமர் வந்துட்டாங்க, இன்னைக்கு ஆட்சியில இருக்கறவங்கள்ல பல பேர் அன்னைக்கு எதிர்க்கட்சியில உக்காந்து 88A-வ ஏன் எடுத்தீங்கன்னு சத்தம் போட்டவங்க. எங்களுக்கு ஞாபகம் இருக்கு.

ஏன் தொடல? எனக்குத் தெரிஞ்ச காரணத்தச் சொல்றேன், தப்புன்னா திருத்துங்க. 1957ல சாசனம் எழுதினப்போ இஸ்லாம் கூட்டரசோட மதம்னு எழுதினாங்க, கூடவே 3(4)ல இதனால சாசனத்துல இருக்கற மத்த பிரிவு எதுவும் கொறயாதுன்னும் எழுதினாங்க. முதல் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் இது இஸ்லாமிய நாடு இல்லன்னு சொன்னாரு, 1983ல 80வது பொறந்த நாள் அன்னைக்கும் இத இஸ்லாமிய நாடா மாத்தாதீங்கன்னு கேட்டுக்கிட்டாரு, மூணாவது பிரதமரா இருந்த உசேன் ஓனும் அவர் பக்கமே நின்னாரு. அப்புறம் மலாய்க் கட்சி அம்னோவும் இஸ்லாமியக் கட்சி பாஸும் ஏலம் போட ஆரம்பிச்சாங்க. யார் பெரிய முஸ்லிம்னு ஒருத்தர் ஒரு விலை சொன்னா இன்னொருத்தர் அதுக்கு மேல. 1988ல சாசனத்துல 121(1A)ன்னு ஒரு பிரிவு வந்துச்சு. முஸ்லிம்களோட குடும்ப வழக்குல சியாரியா கோர்ட் சொன்னத சிவில் கோர்ட் கலைக்கக் கூடாதுன்னு கொண்டு வந்த வேலி அது, அதுல எனக்கு வருத்தம் இல்ல. ஆனா புருஷன் வேலிக்கு உள்ள, பொண்டாட்டி வெளிய, நடுவுல பிள்ளன்னு ஒரு நிலைம வரும்னு அப்ப யாரும் யோசிக்கல, வந்த பிறகும் சரி பண்ணல. 2001 செப்டம்பர் 29ல அப்ப பிரதமரா இருந்த மகாதீர் மலேசியா இஸ்லாமிய நாடுன்னு ஒரு கட்சி மாநாட்டுல மேடை ஏறி சொன்னாரு. 2016ல பாஸ் தலைவர் ஹாடி அவாங், சியாரியா கோர்ட் குடுக்கற தண்டனையப் பத்தின 355வது சட்டத்துல தண்டனைய கூட்டணும்னு மசோதா கொண்டு வந்தப்போ அத எடுத்துக்க வழி விட்டதே அப்ப இருந்த அரசாங்கம்தான். 2022 தேர்தல்ல பாஸ் 43 சீட்டு, எந்தக் கட்சியையும் விட அதிகம். அன்னையில இருந்து நீங்க எல்லாரும் பாஸ் கொடி நிறத்த வச்சு பச்சை அலை, பச்சை அலைன்னு சொல்லிக்கிட்டே வாய மூடிக்கிட்டீங்க. மலாய் ஓட்டு போய்டும்னு ஒரு பக்கம் பயம், தமிழன் எங்க போவான், நமக்குத்தான் போடுவான்னு இன்னொரு பக்கம் தைரியம்.

கோர்ட்ல உக்காந்திருக்கற முஸ்லிம் நீதிபதிகளுக்கு இந்தப் பயம் இருக்கல. 2024 பிப்ரவரி 9ல கிளந்தான் மாநில சியாரியா குற்றச் சட்டத்துல எதிர்த்துக் கேஸ் போட்ட 18 பிரிவுல 16 செல்லாதுன்னு 8-க்கு 1ன்னு தீர்ப்பு வந்துச்சு, வெளிய பெரிய கூட்டம் நின்னு தொழுதுச்சு, அப்ப தலைமை நீதிபதியா இருந்த தெங்கு மைமூன் உள்ள உக்காந்து இது இஸ்லாத்தப் பத்தின கேஸே இல்ல, மாநிலத்துக்கு அந்தச் சட்டம் போட அதிகாரம் இருக்கான்னு மட்டும்தான் கேள்வின்னு தெளிவா படிச்சாங்க. கேஸ் போட்டதும் நிக் எலினும் அவங்க மகளும், ரெண்டு முஸ்லிம் பொம்பளைங்க, எவ்வளவு ஏச்சு வாங்கினாங்க. அவங்களுக்கு இருந்த துணிச்சல்ல பாதி உங்க 222 பேருக்கு இருந்தா போதும்.

88Aல அதிகாரச் சிக்கலும் கிடையாது. முஸ்லிம் அல்லாதவங்களோட கல்யாணம், விவாகரத்து, பிள்ளைங்க கஸ்டடி எல்லாம் ஒன்பதாவது அட்டவணையில கூட்டரசு பட்டியல்ல இருக்கு. சிவில் சட்டத்துல நடந்த கல்யாணத்துல பொறந்த பிள்ளைய சிவில் சட்டம் பாதுகாக்கறது மாநில அதிகாரத்துல கை வைக்கறது இல்ல.

தமிழ் வைபிகளுக்குத் தனியா ஒண்ணு சொல்லணும். 2005 டிசம்பர்ல மூர்த்தி செத்தப்போ, எவரெஸ்ட் குழுவுல போன நம்ம பையன், ராணுவ வீரர், அவர் மதம் மாறிட்டாருன்னு சொல்லி உடம்ப மனைவிகிட்ட குடுக்காம இஸ்லாமிய முறையில அடக்கம் பண்ணாங்க, ஹைகோர்ட் எங்களுக்கு அதிகாரம் இல்லன்னு சொல்லிடுச்சு. அடுத்த மாசம் முஸ்லிம் அல்லாத 9 மந்திரிங்க சேந்து பிரதமருக்கு ஒரு மனு குடுத்தாங்க. சந்தோஷப்பட்டோம். சில நாள்ல அத வாபஸ் வாங்கிட்டாங்க, சென்சிடிவ்னு. எங்க தொகுதி ஆபீஸ்ல அந்தத் தம்பி சொன்ன அதே வார்த்த. இந்த ரெண்டுக்கும் நடுவுல ஒரு தலைமுறை வளந்துடுச்சு. கோயில் திருவிழாவுல மாலை போட்டுக்க வர்றீங்க, தமிழ்ப்பள்ளிக்கு செக் குடுக்க வர்றீங்க, நன்றி. ஆனா அந்தப் பள்ளியிலயே ஒரு பையன் நன்னெறி வகுப்பு நடக்கறப்போ வராந்தாவுல தனியா உக்காந்திருந்தான், உஸ்தாஸ் வகுப்புக்கும் போக மாட்டேன்னு. அவன என்னன்னு கேக்க நீங்க யாரும் வரல.

எங்களுக்கு வேண்டியது இதுதான். 88A-வ அடுத்த பார்லிமென்ட் கூட்டத்துலயே திரும்பக் கொண்டு வாங்க, 2016ல இருந்த வாசகத்த ஒரு எழுத்து கொறைக்காம. அரசாங்கம் கொண்டு வரலன்னா ஒரு வைபி தனி மசோதாவா கொண்டு வாங்க, ஹாடி கொண்டு வர முடிஞ்சதுன்னா உங்களாலயும் முடியும். ஓட்டெடுப்பு நடக்கட்டும், பேர் சொல்லி நடக்கட்டும், யார் எந்தப் பக்கம்னு நாங்க தெரிஞ்சுக்கணும். 12(4)க்கு மலாய் வாசகத்துல "இபு அதாவ் பாபா", அதான் அம்மா அல்லது அப்பான்னு இருக்கறத வச்சு இன்னும் வாதம் பண்றாங்க, 2018 தீர்ப்புக்கு ஏத்த மாதிரி அத "இபு டான் பாபா", அம்மாவும் அப்பாவும்னு திருத்துங்க. "அல்லது"ன்னு என்ஆக்ட்மென்ட் வச்சிருக்கற மாநிலங்கள்ல உங்க கட்சி ஆட்சியில இருந்தா, உங்க மந்திரி புசார்கிட்ட, அதான் மாநில முதல்வர்கிட்ட, பேசி அத எடுங்க, அதுக்கு பாஸ் சம்மதம் தேவையில்ல.

சட்டம் வர்ற வரைக்கும் காத்திருக்க என் தங்கச்சி மகனுக்கு டைம் இல்ல. பதிவு இலாகா உள்துறை மந்திரிக்குக் கீழ இருக்கு. ஒரு தாயோட சம்மதம் இல்லாம பதிவான பிள்ளைங்களோட ஐசியில மதத்த அச்சடிக்கறத நிறுத்தி வைக்கச் சொல்லி ஒரு சர்க்குலர் போட அவரால முடியும், கேளுங்க. ஸ்கூல் சிஸ்டத்துல மதத்த மாத்தறதுக்கு முன்னாடி ரெண்டு பேர் கையெழுத்தும் இருக்கான்னு பாக்கணும்னு கல்வி அமைச்சு உத்தரவு போடட்டும். சட்ட உதவி இலாகா இந்த மாதிரி தாய்மாருங்க கேஸ எடுத்து நடத்தட்டும், 8,000 வெள்ளி இல்லாததால ஒரு தாய் பிள்ளைய இழக்கக் கூடாது. இந்திரா காந்தி கேஸ்ல கோர்ட் உத்தரவ நிறைவேத்த போலீஸ் என்னென்ன செஞ்சுதுன்னு தேதி வாரியா பார்லிமென்ட்ல வச்சு பதில் வாங்குங்க.

எங்க தொகுதி வைபிக்கு: அந்த நீலக் கலர் ஃபைலோட நாங்க அடுத்த சனிக்கிழமயும் வருவோம், 9 மணிக்கு. உதவியாளர் வேண்டாம், நீங்க உக்காந்து முழுசா படிக்கணும். செய்ய முடியும்னா எப்பன்னு தேதி போட்டு எழுதிக் குடுங்க, முடியாதுன்னா ஏன்னு எழுதிக் குடுங்க, கீழ கையெழுத்து போட்டு.

இப்படிக்கு,
ஒரு பெரியம்மா
பேராக்